கிறிஸ்தவப் புனைகதை: மூன்று வகைகளும் மீட்பின் கதையும்

கிறிஸ்தவப் புனைகதை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தை மையமாகக் கொண்டு, பெரும்பாலும் அதே விசுவாசம் உடைய வாசகர்களுக்காக எழுதப்படும் நாவல் வகை. அமெரிக்காவில் 1970களின் இறுதியிலிருந்து இது தனி நூற்சந்தையாக வளர்ந்தது. சமகாலக் குடும்பக் கதை, வரலாற்றுக் காதல் கதை, மர்மக் கதை ஆகியவை இதன் முக்கியமான மூன்று கிளைகள். மூன்றும் அடிப்படையில் மனந்திரும்புதல், மன்னிப்பு, மீட்பு என்ற ஒரே கதையைத்தான் சொல்கின்றன. அந்தக் கதை ஒவ்வொரு வகையிலும் எப்படி மாறுகிறது, எங்கே வலுப்பெறுகிறது, எங்கே பொய்யாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரையறை

கிறிஸ்தவக் கருப்பொருள் கொண்ட நாவல் வேறு, கிறிஸ்தவப் புனைகதை என்ற விற்பனை வகை வேறு. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்', கிரகாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' (1940) ஆகியவற்றில் கிறிஸ்தவம் ஆழமாக விவாதிக்கப்படுகிறது. ஆனால் அவை பொது வாசகர்களை நோக்கி எழுதப்பட்டவை. கிரீனின் நாயகன் குடிப்பழக்கத்துக்கு அடிமையான ஒரு பாதிரியார். இப்படிப்பட்ட நாயகனைக் கிறிஸ்தவப் புனைகதையில் காண்பது அரிது.

விற்பனை வகையாக உள்ள கிறிஸ்தவப் புனைகதைக்குச் சில எழுதப்படாத விதிகளும், பதிப்பகங்கள் எழுதியே கொடுக்கும் சில விதிகளும் உண்டு. கெட்ட வார்த்தை இருக்கக் கூடாது. படுக்கையறைக் காட்சி இருக்கக் கூடாது. முக்கியப் பாத்திரங்களில் ஒருவராவது கடவுளிடம் வர வேண்டும், அல்லது தளர்ந்த விசுவாசத்தை மீண்டும் பெற வேண்டும். முடிவு நம்பிக்கை தர வேண்டும். இந்த விதிகளை மட்டுமே காரணம் காட்டி இவ்வகையை ஒதுக்குவது முறையல்ல. துப்பறியும் கதையில் குற்றவாளி அகப்பட வேண்டும் என்பதும் ஒரு விதிதான். அந்த விதிக்குள் எழுத்தாளர் எதைச் சாதிக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இவ்வகையின் மூதாதை ஜான் பனியன் எழுதிய 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' (1678). தமிழில் எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இந்நூலைத் தழுவியே காப்பியமாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865–1947) நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, பக்தியும் காதலும் கலந்த கதைக்கு ஓர் அச்சை உருவாக்கினார். கேத்தரின் மார்ஷல் தன் தாயின் இளமைக்கால அனுபவங்களை அடிப்படையாகக் கொண்டு 'கிறிஸ்டி' (1967) என்ற நாவலை எழுதினார். இவ்வகை நாவல்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் கிறிஸ்டி விருது இந்நூலின் பெயரால் அமைந்தது.

தனிச் சந்தை உருவானது 1979இல். கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலை பெத்தனி ஹவுஸ் பதிப்பகம் வெளியிட்டது. அதன் வெற்றி, தேவாலய வாசகர்கள் கதை நூல்களையும் வாங்குவார்கள் என்பதைக் காட்டியது. ஃபிராங்க் பெரெட்டியின் 'திஸ் பிரசன்ட் டார்க்னஸ்' (1986) சிறு நகரம் ஒன்றில் தேவதூதர்களும் பேய்களும் மோதும் திகில் கதை. டிம் லஹேயும் ஜெரி ஜென்கின்ஸும் இணைந்து எழுதிய 'லெஃப்ட் பிஹைண்ட்' (1995) உலக முடிவைப் பற்றிய நெடுந்தொடராக வளர்ந்தது.

இதைக் கண்ட பெரிய வணிக நிறுவனங்களும் உள்ளே வந்தன. ஹார்ப்பர் காலின்ஸ் 1988இல் சொண்டர்வன் என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தை வாங்கியது. காதல் நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஹார்லிகுவின் 1997இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' வரிசையைத் தொடங்கியது. அதன் மர்மக் கதை வரிசை 2005இலும், வரலாற்றுக் கதை வரிசை 2008இலும் வந்தன. ஒரே பெயரின் கீழ் மூன்று வரிசைகள் தனித்தனியாகப் பிரிந்தது, வாசகர்களும் மூன்று வகை நாவல்களைத் தனித்தனியே தேடினார்கள் என்பதற்குச் சான்று. பின்னர் நூல் விற்பனை இணையத்துக்கு மாறியது. ஃபேமிலி கிறிஸ்டியன் கடைகள் 2017இலும், லைஃப்வே கடைகள் 2019இலும் மூடப்பட்டன.

சமகாலக் கதைகள்

சமகாலக் கதைகளின் களம் வீடும் ஊரும். மணவாழ்வின் விரிசல், பிள்ளைகளின் விலகல், நோய், முதுமை ஆகியவை இவற்றின் பொருள்கள். ஜான் காரன் என்ற பெண் எழுத்தாளரின் 'அட் ஹோம் இன் மிட்ஃபர்ட்' (1994) இதில் சிறந்த ஒன்று. நாயகர் டிம் அறுபது வயதை எட்டிய, திருமணம் ஆகாத, நீரிழிவு நோயுள்ள குருவானவர். அவர் வீட்டுக்கு முரட்டு நாய் ஒன்றும், கவனிக்க ஆளற்ற சிறுவன் ஒருவனும் வந்து சேர்கிறார்கள். பெரிய சம்பவங்கள் குறைவு. நல்லவராக வாழ்வது அன்றாடம் செய்ய வேண்டிய, சலிப்பும் களைப்பும் தருகிற வேலை என்பதை இந்நாவல் காட்டுகிறது.

பெவர்லி லூயிஸின் 'தி ஷன்னிங்' (1997) பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமூகத்தைக் களமாகக் கொண்டது. கேட்டி என்ற இளம்பெண் பரணில் ஒரு குழந்தைச் சட்டையைக் காண்கிறாள். ஆமிஷ் வீடுகளில் இருக்கவே முடியாத பட்டுப் போன்ற துணி அது. தான் வளர்ப்பு மகள் என்ற உண்மை அதிலிருந்து வெளிவருகிறது. சமூகத்தின் பாதுகாப்பும், அதே சமூகம் விதிக்கும் விலக்கும் ஒரே கதையில் இடம்பெறுவதே இதன் பலம். இந்நாவலின் வெற்றிக்குப் பின் ஆமிஷ் காதல் கதைகள் ஒரு தனித் துணைவகையாகவே பெருகின. அவற்றில் பலவற்றில் விலக்கின் வலி மறைந்து, குதிரை வண்டியும் வயல்வெளியும் மட்டும் எஞ்சின.

கரேன் கிங்ஸ்பரி, கேரி ஸ்மாலியுடன் இணைந்து எழுதிய 'ரிடெம்ப்ஷன்' (2002) இவ்வகையின் பலவீனத்தை அறிய உதவும். கணவன் தன் மாணவியுடன் உறவு கொண்டிருப்பதை அறிந்த கேரி என்ற பெண், மணவாழ்வைக் காப்பாற்றப் போராடுகிறாள். கணவன் மனம் திருந்துகிறான். ஆனால் சிறிது காலத்தில் கொல்லப்படுகிறான். மன்னித்தவளின் பெருந்தன்மை வாசகரை உருக்குகிறது. ஆனால் உடைந்த நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் கட்டியெழுப்புவதுதான் மன்னிப்பின் கடினமான பகுதி. அந்தப் பகுதியை எழுத வேண்டிய தேவை கணவனின் மரணத்தால் இல்லாமல் போகிறது. சமகாலக் கிறிஸ்தவக் கதைகளை வாசிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும். மன்னித்த அடுத்த நாள் காலை கதையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வரலாற்றுக் காதல் கதைகள்

'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலில், மேற்குப் பகுதியில் குடியேறச் செல்லும் வழியில் மார்ட்டி கணவனை இழக்கிறாள். மனைவியை இழந்த கிளார்க் என்பவன், தன் சிறு மகளுக்குத் தாய் வேண்டும் என்பதற்காக அவளை மணக்கக் கேட்கிறான். பிடிக்காவிட்டால் வசந்த காலத்தில் ஊர் திரும்பப் பயணச் செலவைத் தருவதாகவும் சொல்கிறான். காதல் பின்னர் மெதுவாக வருகிறது. சமையல், குளிர்காலம், பிரசவம் என்று வேலைகளின் வழியாகவே உறவு வளர்வதால் கதை நம்பும்படி இருக்கிறது. எனினும் அவர்கள் குடியேறிய நிலத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்வி கதையில் எழுவதில்லை. இந்த மௌனம் இவ்வகை முழுவதிலும் தொடர்கிறது.

இக்கிளையில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட நாவல் ஃபிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்'. ரிவர்ஸ் முதலில் பொதுக் காதல் நாவல்களை எழுதியவர். இந்நாவல் 1991இல் பாண்டம் வெளியீடாக வந்தது. திருத்திய பதிப்பு 1997இல் மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. 2022இல் திரைப்படமானது. பழைய ஏற்பாட்டு ஓசியா நூலின் கதையை 1850இன் கலிபோர்னியாவுக்கு ரிவர்ஸ் கொண்டுவந்தார். தங்க வேட்டைக்காக மக்கள் குவிந்த காலம் அது. சிறுமியாக இருக்கும்போதே விற்கப்பட்டு ஏஞ்சல் என்ற பெயரில் விலைமகளாக வாழ்பவளை, மைக்கேல் ஓசியா என்ற விவசாயி மணக்கிறான். அவள் மீண்டும் மீண்டும் அவனை விட்டு ஓடுகிறாள்.

விவிலியத்தில் ஓசியாவின் மனைவி கோமேர் பேசுவதே இல்லை. அவள் ஏன் போனாள், என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கே இடமில்லை. தீர்க்கதரிசியின் துயரம் மட்டுமே பதிவாகியுள்ளது. ரிவர்ஸ் கோமேருக்கு ஒரு குழந்தைப்பருவத்தைத் தருகிறார். அவளைப் பாவியாகக் காட்டும் முன் பாதிக்கப்பட்ட குழந்தையாகக் காட்டுகிறார். இந்நாவலின் மிகப் பெரிய சாதனை இதுவே.

இதன் குறையும் சிறியதல்ல. ஏஞ்சல் அடித்து நொறுக்கப்பட்டுத் தன்னிலை மங்கிக் கிடக்கும்போதுதான் மைக்கேல் அவளிடம் மணச் சம்மதம் பெறுகிறான். அது எப்படிச் சம்மதம் ஆகும் என்று பல விமர்சகர்கள் கேட்டுள்ளனர். கடவுளே கட்டளையிட்டார் என்பதால் மைக்கேலின் செயலை யாரும் கேள்வி கேட்க முடியாதபடி கதை அமைந்திருக்கிறது. ஆனால் இறுதிப் பகுதி இதற்கு ஓரளவு பதில் தருகிறது. ஏஞ்சல் கடைசியாக விலகும்போது சான்பிரான்சிஸ்கோவில் தன்னைச் சிறுமியாக விலைக்கு வாங்கியவனை எதிர்கொள்கிறாள். தன்னைப் போன்ற பெண்களுக்கு ஓர் இல்லம் அமைக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் தன் விருப்பத்தால் திரும்பி வந்து, சாரா என்ற தன் உண்மைப் பெயரைக் கணவனிடம் சொல்கிறாள். முதல் திருமணத்தில் இல்லாத சம்மதம் இங்கேதான் நிகழ்கிறது. நாவலின் பின்பகுதி முன்பகுதியைத் திருத்துகிறது எனலாம்.

மர்மக் கதைகள்

மர்மக் கதைக்கும் விசுவாசத்துக்கும் இயல்பாகவே ஓர் இழுபறி உண்டு. குற்றத்தைச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு மர்மக் கதை கட்டாயம் விடை தரும். கடவுள் அதை ஏன் அனுமதித்தார் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. கைது நடந்து முதல் கேள்வி தீர்ந்த நிம்மதியில், இரண்டாவது கேள்வியும் தீர்ந்துவிட்டது போன்ற மயக்கம் வாசகருக்கு ஏற்படலாம். பலவீனமான கதைகள் இந்த மயக்கத்தை நம்பியே முடிகின்றன.

டீ ஹென்டர்சனின் 'தி நெகோஷியேட்டர்' இந்தச் சிக்கலை நேர்மையாகத் தொடுகிறது. அனாதை இல்லத்தில் வளர்ந்து, ஒரே குடும்பப் பெயரைத் தேர்ந்துகொண்ட ஏழு பேரைப் பற்றிய ஓமாலி தொடரில் இது ஒன்று. பணயக் கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தும் சிகாகோ காவல்துறை அதிகாரி கேட் ஓமாலி இதன் நாயகி. விமானத்தில் நடந்த ஒரு குண்டுவெடிப்பு அவளது பழைய வாழ்வுடன் தொடர்புபடுகிறது. நீதிக்காக உழைக்கும் அவளுக்கு, குற்றவாளியையும் கடவுள் மன்னிப்பார் என்ற போதனையே விசுவாசத்துக்குத் தடையாகிறது. இந்த எதிர்ப்பை ஹென்டர்சன் கேலி செய்யவில்லை. ஆனால் கேட் விசுவாசத்துக்கு வரும் இடம், எழுப்பிய கேள்வியின் எடைக்கு ஈடாக இல்லை. புலனாய்வு முடியும் வேகத்திலேயே மனமாற்றமும் முடிந்துவிடுகிறது.

டெட் டெக்கரின் 'த்ரீ' (2003) வேறு வழியில் செல்கிறது. கெவின் என்ற இறையியல் மாணவனிடம், அவன் செய்த பாவத்தை அறிக்கையிடச் சொல்லி ஒருவன் மிரட்டுகிறான், குண்டு வைக்கிறான். மிரட்டுபவனும், உதவிக்கு வரும் தோழியும், கெவினும் ஒரே மனத்தின் மூன்று கூறுகள் என்பது கடைசியில் தெரிகிறது. நன்மை செய்ய விரும்பியும் தீமையையே செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில் முறையிடும் அதே உட்போராட்டம் இது. இங்கே குற்றவாளி வெளியில் இல்லாததால், கைதுடன் கதை முடிவதில்லை. மர்மத்தின் விடையும் இறையியல் கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன.

மலிவான கிருபை

ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் 'மலிவான கிருபை' என்ற கருத்தை முன்வைத்தார். மனந்திரும்புதலும் சீடத்துவமும் இல்லாமல் வழங்கப்படும் மன்னிப்பு அது. அவர் 1945 ஏப்ரல் 9 அன்று நாஜிகளால் தூக்கிலிடப்பட்டார். இவ்வகை நாவல்களை மதிப்பிட இக்கருத்து மிகவும் பயன்படும். இரு சர்ச்சைகள் இதைக் காட்டுகின்றன.

கேட் பிரெஸ்லினின் 'ஃபார் சச் எ டைம்' (2014) எஸ்தர் கதையைத் தெரசின்ஸ்டாட் நாஜி முகாமுக்கு மாற்றியது. யூதப் பெண் ஒருத்திக்கும் முகாமின் எஸ்எஸ் தளபதிக்கும் காதல் மலர்கிறது. அவள் கிறிஸ்தவ விசுவாசத்தையும் நெருங்குகிறாள். உண்மையான தெரசின்ஸ்டாட்டில் ஏறத்தாழ 33,000 பேர் இறந்தனர். அங்கிருந்து பல்லாயிரம் பேர் மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதுக்கு 2015இல் இந்நூல் பரிந்துரைக்கப்பட்டதும் கடும் எதிர்ப்பு எழுந்தது.

கரேன் விட்மேயரின் 'அட் லவ்ஸ் கமாண்ட்' (2020) நாவலின் நாயகன், 1890 டிசம்பர் 29 அன்று ஊண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்கள் கொல்லப்பட்ட நிகழ்வில் பங்கேற்ற குதிரைப்படைத் தலைவன். பெண்களும் குழந்தைகளும் உட்பட அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை 150 முதல் 300 வரை எனப் பல கணக்குகள் உள்ளன. நாயகன் வருந்துகிறான், கொலையை விட்டுவிட உறுதி கொள்கிறான், பின்னர் டெக்சாஸில் ஒரு பெண் மருத்துவரைக் காதலிக்கிறான். அதே சங்கம் 2021இல் இந்நூலுக்கு விவியன் விருதை அளித்து, எதிர்ப்புக்குப் பின் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

நாவல்களை ஆதரித்தவர்களின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதல்ல. மன்னிப்புக்கு அப்பாற்பட்ட பாவி யாருமில்லை என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டபோது அதற்கு உடன்பட்டிருந்த சவுல்தான் பின்னாளில் பவுல் ஆனார். அப்படியிருக்க, ஒரு படைவீரனுக்கு மட்டும் ஏன் மீட்பு மறுக்கப்பட வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம்.

இதற்கான விடை அதே அப்போஸ்தலர் நடபடிகள் நூலிலேயே இருக்கிறது. அந்நூல் ஸ்தேவானைப் பெயரற்ற பலியாக விடவில்லை. ஏழாம் அதிகாரம் பெரும்பாலும் அவனது பேச்சுதான். தன்னைக் கொல்பவர்களுக்காக வேண்டுகிறவனும் அவனே. பின்னர் சவுல் மனம் மாறியபோது, அவனிடம் போகச் சொல்லப்பட்ட அனனியா உடனே மகிழவில்லை. இந்த மனிதன் செய்த தீங்குகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று தயங்குகிறான். எருசலேமின் சீடர்களும் சவுலைக் கண்டு அஞ்சுகிறார்கள். அதாவது, பாதிக்கப்பட்டவர்களின் குரலும் அச்சமும் பதிவான பின்னரே மன்னிக்கப்பட்டவனின் கதை தொடர்கிறது. மேற்கண்ட இரு நாவல்களிலும் குறைவது இதுதான். லக்கோட்டா மக்கள் நாயகனின் குற்ற உணர்வுக்குக் காரணமாக மட்டுமே வருகிறார்கள். இறந்தவர்கள் சார்பில் மன்னிப்பை வழங்க உயிரோடிருக்கும் காதலிக்கு உரிமை இல்லை என்ற எண்ணம் கதையில் எழுவதே இல்லை.

இதற்கு மாறாக, மேரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004) கிறிஸ்தவ விற்பனை வகைக்கு வெளியே வந்த நாவல். 2005இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1956இல் ஐயோவாவில், முதிய போதகர் ஜான் ஏம்ஸ் தன் சிறு மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமே இந்நாவல். தனக்குப் பிடிக்காத ஜாக் என்பவனை அவர் கடைசியில் ஆசீர்வதிக்கிறார். கறுப்பினப் பெண்ணைத் துணைவியாகக் கொண்ட ஜாக்கின் சிக்கல் அந்த ஆசீர்வாதத்தால் தீர்வதில்லை. அவன் ஊரை விட்டுப் போகிறான். கிருபை உண்மையாகவே வருகிறது, ஆனால் உலகம் உடனே சரியாகிவிடவில்லை.

வாசகர்கள்

இந்நாவல்களின் வாசகர்களை, குறிப்பாகப் பெண்களை, ஏமாளிகளாகக் கருதும் போக்கு நீண்ட காலம் இருந்தது. லின் நீலின் 'ரொமான்சிங் காட்' (2006) என்ற ஆய்வு அதை மாற்றியது. வாசகர்களை நேரில் பேட்டி கண்ட அவர், கதை முன்கூட்டியே தெரிந்தும் தங்கள் விசுவாசத்தை உறுதிப்படுத்த அவர்கள் தெரிந்தே இந்நூல்களைத் தேர்ந்தெடுப்பதைக் காட்டினார். டேனியல் சில்லிமன் 'ரீடிங் இவாஞ்சலிகல்ஸ்' (2021) நூலில் ஐந்து நாவல்களின் வழியாக அமெரிக்க சுவிசேஷ சபையினரின் மனவுலகை ஆராய்ந்தார். முடிவு தெரிந்த கதையைத் திரும்பக் கேட்பது பக்தி மரபுக்குப் புதிதல்ல. தெருக்கூத்து பார்ப்பவருக்கும் திரௌபதியின் கதை முன்பே தெரியும். தெரிந்த கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதே அங்கும் முக்கியம்.

வாசிக்கும் முறை

மாணவர்கள் இவ்வகை நாவல் ஒன்றை மதிப்பிட நான்கு கேள்விகள் உதவும்.

* மனமாற்றம் பாத்திரத்தின் வாழ்விலிருந்து வருகிறதா, பக்க எண்ணிக்கை முடிவதால் வருகிறதா?
* மன்னிப்புக்குப் பின் வரும் நாட்கள் கதையில் உள்ளனவா?
* தீங்கு இழைக்கப்பட்டவருக்குப் பெயரும் பேச்சும் உண்டா?
* பிற சமயத்தவர் தம் அளவில் முழு மனிதராக வருகிறாரா, மதம் மாறுவதற்காக மட்டும் வருகிறாரா?

மதிப்பீடு

கிறிஸ்தவப் புனைகதையின் மூன்று கிளைகளிலும் நல்ல நாவல்களும் பலவீனமான நாவல்களும் உள்ளன. சமகாலக் கதை அன்றாடத்தின் பொறுமையைக் காட்டும்போது வெல்கிறது, துயரத்தை அவசரமாக முடிக்கும்போது தோற்கிறது. வரலாற்றுக் காதல் கதை மௌனமாக்கப்பட்டவருக்குக் குரல் தரும்போது உயர்கிறது, கடந்தகாலத்தை நாயகனின் அழகான காயமாக மட்டும் ஆக்கும்போது தாழ்கிறது. மர்மக் கதை குற்றவாளியைத் தனக்குள்ளும் தேடும்போது ஆழம் பெறுகிறது.

இந்நாவல்கள் மீட்பை நம்புவது குறையல்ல. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் இவ்வகையே இல்லை. மீட்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் குறை. அதைச் சொல்லும் நாவல்கள் சமயம் கடந்தும் வாசிக்கத்தக்கவை.